ஒரு மிடறு தண்ணீருக்கு ஒரு நிமிடம்

(புனே தமிழ்க் குடும்பங்களின் ஞாயிறு கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் கூட்டங்களில் வழக்கமாகப் பேசுவது ரேஷன் அட்டை, பிள்ளைகளின் தமிழ்ப் படிப்பு, காண்டிராக்டர் பிடித்துக்கொண்ட சம்பளம் ஆகியவைதாம். இன்று தண்ணீரைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். குழாயில் வராத தண்ணீர் அல்ல. தொண்டையில் இறங்காத தண்ணீர். எடையைக் குறைப்பதற்காக இரைப்பையில் ஆபரேஷன் செய்துகொண்டு, மறுபடியும் ஆஸ்பத்திரி வேலைக்குத் திரும்பியிருக்கும் நம்மவர்கள், எட்டு மணி நேர டூட்டியில் எப்படித் தண்ணீர் குடிப்பது என்பதே பேச்சு.

இது பணக்காரர் வீட்டுச் சங்கதி ஆயிற்றே, நமக்கெதற்கு என்று பின்வரிசையில் ஒரு முணுமுணுப்பு கேட்கிறது. அப்படியல்ல. நம் தாத்தாக்கள் கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலைக்கும் தேகு ரோடு ராணுவ டிப்போவுக்கும் ரயில்வேக்கும் வேலைக்கு வந்தார்கள். பேரப்பிள்ளைகளில் எத்தனை பேர் இன்று இந்த நகரத்தின் ஆஸ்பத்திரிகளில் ஆயாவாக, வார்டு பாயாக, நர்ஸாக, சலவையில், சமையலில், வாசல் காவலில் இருக்கிறார்கள் என்று உங்கள் தெருவிலேயே எண்ணிப் பாருங்கள். வாரம் பகல், வாரம் இரவு என்று மாறுகிற டூட்டி. பசித்த நேரத்தில் வடா பாவ், தூக்கம் வந்த நேரத்தில் சர்க்கரை போட்ட சாயா. பத்து வருடத்தில் உடம்பு பருத்து, சர்க்கரை நோய் வந்து, முட்டி தேய்ந்து நிற்கிறது. அதற்கு மேல்தான் டாக்டர் ஆபரேஷன் என்கிறார். புனேயில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகவே இந்த ஆபரேஷன் நடக்கிறது. நகையை அடகு வைத்துச் செய்துகொண்டவர்கள் நம்மிலும் உண்டு. செய்யலாமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்ல நாங்கள் வரவில்லை. அது அவரவர் உடம்பு, அவரவர் மருத்துவர். செய்துகொண்ட பிறகு வேலைத்தளத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் சங்கத்தின் கவலை.

முதலில் வயிற்றுக்குள் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரு முறையில், இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைப்பழம் போல ஒரு குழாயாகத் தைத்துவிடுகிறார்கள். இன்னொரு முறையில், இரைப்பையின் மேல்முனையில் ஒரு சின்ன முட்டை அளவுக்குப் பை கட்டி, அதை நேரே சிறுகுடலோடு இணைத்துவிடுகிறார்கள். அந்தப் பை கொள்வது சுமார் முப்பது மில்லி. முன்பு சொம்பை அண்ணாந்து ஊற்றிக் கடகடவென்று குடித்தவருக்கு இப்போது இரண்டு வாய் சேர்ந்தாற்போல் விழுங்கினால் நெஞ்சுக்குள் கல் வைத்தாற்போல் அடைக்கிறது, அல்லது வாந்தியாக வருகிறது. புண் ஆறி, மாதங்கள் போனபின் கொஞ்சம் இளகும். ஆனாலும் பழைய சொம்பு திரும்பி வராது.

இதில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. நாம் தண்ணீரைக் குடிக்க மட்டும் செய்வதில்லை, சாப்பிடவும் செய்கிறோம். சோறு, குழம்பு, ரசம், மோர், கீரை எல்லாவற்றிலும் தண்ணீர்தான். உடம்பில் சேரும் தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் சாப்பாட்டு வழியாக வருகிறது. ஒரு தட்டுச் சோறு ஒரு கைப்பிடியாகச் சுருங்கும்போது அந்தப் பங்கும் சுருங்கிவிடுகிறது. ஆக, முன்பைவிடக் கூடுதலாகக் குடிக்க வேண்டும். குடிக்கும் பாத்திரமோ சிறுத்துவிட்டது. போதாததற்கு, சாப்பிடும்போது குடிக்காதே, சாப்பிட்டு அரை மணி நேரம் குடிக்காதே என்று பெரும்பாலான டாக்டர்கள் சொல்கிறார்கள். இந்த ஆபரேஷன் செய்தவர்கள் மறுபடி ஆஸ்பத்திரியில் படுக்க நேர்வதற்கு அடிக்கடி காரணமாக இருப்பது இந்தத் தண்ணீர்ப் பற்றாக்குறைதான்.

கணக்குப் பார்ப்போம். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டராவது உள்ளே போக வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படுவது. இருதயம், சிறுநீரகத்தில் கோளாறு உள்ளவர்களுக்கு அளவு வேறு. உங்கள் டாக்டர் சொன்னதே கணக்கு. இப்போது ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுக்க வைத்திருக்கும் அந்தப் பிளாஸ்டிக் மருந்துக் கிண்ணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முப்பது மில்லி பிடிக்கும். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு கிண்ணம் என்றால் மணிக்கு நூற்றிருபது மில்லி. எட்டு மணி டூட்டியில் சாப்பாட்டுக்கும் அதற்குப் பின்னான இடைவெளிக்கும் ஒரு மணி நேரத்தைக் கழித்துவிட்டால் மிச்சம் ஏழு மணி. இருபத்தெட்டு கிண்ணம். எண்ணூற்று நாற்பது மில்லி. மீதியை வீட்டில் காலையிலும் மாலையிலும் மெதுவாக முடித்துவிடலாம்.

அந்த இருபத்தெட்டு கிண்ணம் இறங்கவில்லை என்றால் என்ன ஆகும்? எண்ணூறு மில்லியை வீட்டுக்கு வந்து ஈடுகட்ட முடியுமா? முடியாது, தோழர்களே. நம்மில் மற்றவர்கள் அப்படிச் சமாளித்துவிடுகிறோம். டூட்டி முடிந்து வந்து பானையிலிருந்து இரண்டு சொம்பு மொண்டு குடித்தால் தீர்ந்தது. இவர்களுக்கு இரவு பத்து மணிக்கு மேல் எண்ணூறு மில்லி குடிக்க இடம் கிடையாது. இந்த உடம்புக்குத் தண்ணீர் தவணையில்தான் போகும். ஒரு தவணை தப்பினால் தப்பியதுதான். தேகு ரோட்டிலிருந்து லோனாவாலா லோக்கலில் வருகிறவர்களுக்கு வண்டி, பஸ், நடை எல்லாம் சேர்ந்து டூட்டி பதினோரு மணி நேரமாகிவிடுகிறது. லோக்கலில் கழிப்பறை இல்லை என்று கிளம்பும்போதே குடிக்காமல் கிளம்புகிறார்கள்.

நம் பகுதிப் பெண் ஒருத்தி. பெயர் வேண்டாம், ஆஸ்பத்திரியின் பெயரும் வேண்டாம். ஆபரேஷன் முடிந்து இரண்டாம் மாதம் வேலைக்குத் திரும்பினாள். மூன்றாம் மாடியில் வார்டு, தண்ணீர் கீழ்த்தளத்தில். லிஃப்ட் நோயாளிகளுக்கு மட்டும். வார்டில் பாட்டில் வைத்தால் மேஸ்திரி திட்டுகிறான். ஏழு மணிக்கு ஏறினால் ஒரு மணிக்குத்தான் இறங்குவாள். இறங்கியதும் சாப்பாடு. சாப்பிட்டால் குடிக்கக் கூடாது. மறுபடி மேலே. மே மாதம் ஒரு மத்தியானம் படுக்கைத் தட்டை எடுத்துக் குனிந்து நிமிர்ந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். அதே ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றினார்கள். நாங்கள் பார்க்கப் போனபோது அவள் கேட்டது என்ன தெரியுமா? இந்த அரை நாள் சம்பளத்தைப் பிடிப்பார்களா என்று.

இந்த ஊர் ஆஸ்பத்திரிகளில் ஆயாவை ‘மாவ்ஷி’ என்று கூப்பிடுகிறார்கள். சித்தி என்று பொருள். வார்டு பாயை ‘மாமா’ என்கிறார்கள். அழகான வழக்கந்தான். நம் ஊரில் சித்தி வீட்டுக்கு வந்தால் முதலில் என்ன செய்வோம்? ஒரு சொம்புத் தண்ணீர் நீட்டுவோம். இங்கே சித்தி என்று அழைத்துப் பத்துக் கட்டில் துடைக்கச் சொல்கிறார்கள். சித்திக்கு ஒரு வாய்த் தண்ணீர் எங்கே என்று கேட்டால் கீழ்த்தளத்தைக் காட்டுகிறார்கள். சில இடங்களில் கூலர் இருக்கும், பக்கத்திலே ஒரு தம்ளரும் இருக்கும், துப்புரவுப் பெண்கள் மட்டும் அதைத் தொட மாட்டார்கள். யாரும் எழுதி மாட்டவில்லை. ஆனால் எல்லாருக்கும் தெரியும். இதே புனேயில்தான் 1868இல் ஜோதிபா புலே தம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தீண்டப்படாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்குத் திறந்துவிட்டார். இதே மராட்டிய மண்ணில்தான் 1927 மார்ச் 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் மகாத் குளத்தில் இறங்கித் தண்ணீரைக் கையில் எடுத்தார். அந்த வரலாறு உள்ள ஊரில் நம் பெண்கள் தம்ளரைத் தொடத் தயங்குகிறார்கள்.

தண்ணீர் குடிக்காததற்கு இன்னொரு காரணத்தையும் வெட்கப்படாமல் சொல்லிவிடுவோம். குடித்தால் ஒன்றுக்குப் போக வேண்டும். ஊழியர் கழிப்பறைச் சாவி யாரிடமோ இருக்கிறது. மாற்று ஆள் இல்லாமல் வார்டை விட்டு நகர முடியாது. ஆகவே குடிப்பதில்லை. கேரளத்தில் கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் துணிக்கடைப் பெண்கள் இதே காரணத்துக்காகத்தான் நாள் முழுதும் தண்ணீர் குடிக்காமல் நின்றார்கள். கடையில் கழிப்பறை இல்லை, உட்கார நாற்காலியும் இல்லை. விஜி என்ற தையற்காரப் பெண் அவர்களைத் திரட்டினார். கழிப்பறையில் தொடங்கிய போராட்டம் உட்காரும் உரிமைக்கு வந்து, 2018இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. 2021இல் தமிழ்நாடும் கடை ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்று சட்டம் செய்தது. அந்தப் பெண்களுக்குப் பின்னால் பெரிய கட்சி எதுவும் இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

ஒரு விஷயத்தில் நாம் நியாயமாக இருக்க வேண்டும். நோயாளி கட்டிலருகே, இரத்தமும் சளியும் கையாளுகிற இடத்தில், சாப்பிடாதே குடிக்காதே என்பது சரியான விதி. அதை எதிர்த்துச் சண்டை போடாதீர்கள். தொற்று முதலில் நம் வாய்க்குள்தான் போகும். கையுறையைக் கழற்றி, சோப்பு போட்டுக் கை கழுவி, முகக்கவசத்தை விலக்கி, அப்புறம்தான் பாட்டிலைத் தொட வேண்டும். ஆனால் விதி அத்தோடு நின்றால் அது பாதி விதி. கட்டிலருகே குடிக்கக் கூடாது என்றால், அதே மாடியில் பத்தடி தள்ளி ஒரு அலமாரி தர வேண்டும் என்பது மற்றப் பாதி. 2020 கொரோனா நாட்களில் கவச உடைக்குள் மணிக்கணக்காகச் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் நின்றதற்குக் கைதட்டினார்கள். கைதட்டல் போதும், அலமாரி கொடுங்கள் என்கிறோம். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை கையுறை கழற்ற முடியாத வார்டுகளில் அரை மணிக்கு இரண்டு கிண்ணம், இடையில் இரண்டு நிமிடம் விட்டுவிட்டு, என்று மாற்றிக்கொள்ளலாம். இரண்டையும் ஒரே மூச்சில் ஊற்றாதீர்கள்.

பாட்டில் அரை லிட்டரில் இரண்டு வைத்துக்கொள்வது நல்லது. வெளியே பிளாஸ்திரி ஒட்டி மணிக்கணக்கைக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒன்பது மணிக்கு இந்தக் கோடு, பத்துக்கு அந்தக் கோடு என்று. (பிளாஸ்திரியைக் கடையில் வாங்குங்கள். வார்டுப் பிளாஸ்திரியை எடுத்தால் அதற்கும் ஒரு மெமோ வரும்.) தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பரபரப்பான வார்டில் தாகம் ஞாபகத்துக்கு வராது, கோடு ஞாபகப்படுத்தும். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றிக் கொண்டுபோங்கள். 2025 ஜனவரியில் சிங்ககட் ரோடு, கிர்கட்வாடி, நாந்தேட் பக்கம் பலரை நரம்புத் தளர்ச்சி நோய் தாக்கியது நினைவிருக்கும். கெட்ட தண்ணீர்மேல்தான் சந்தேகம் விழுந்தது.

எதைக் குடிப்பது? தண்ணீர்தான் முதலிடம். நீர்த்த மோர், வடிகட்டிய ரசம், காரம் குறைத்துக் குடிக்கலாம். நம் நீராகாரமும் ஆகும், வெயிலில் கெடாமல் இருந்தால். இளநீர் நல்லதுதான், சிறுநீரகக் கோளாறோ இரத்த அழுத்த மாத்திரையோ உள்ளவர்கள் கேட்டுவிட்டுக் குடிக்க வேண்டும். கரும்புச்சாறும் சர்க்கரை போட்ட கோகம் சர்பத்தும் வேண்டாம். இரைப்பையைத் தாண்டிச் சர்க்கரை மொத்தமாகச் சிறுகுடலில் விழும்போது வியர்த்து, படபடத்து, வயிற்றைக் கலக்கும். குறிப்பாகக் குடலை மாற்றி இணைத்தவர்களுக்கு. சோடா, கலர் வகைகள் வாயுவால் வயிற்றை உப்பவைக்கும். சாயா விஷயத்தில் நாங்கள் சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. சர்க்கரை இல்லாமல் அரை கட்டிங் என்பதோடு நிறுத்துங்கள்.

ஆஸ்பத்திரி வாசல் மெடிக்கல் கடையில் பழப்படம் போட்ட டப்பியில் ‘ஓஆர்எஸ்’ என்று எழுதி விற்றார்களே, அதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவற்றில் பல வெறும் சர்க்கரைத் தண்ணீர். ஐதராபாத்தில் சிவரஞ்சனி சந்தோஷ் என்ற குழந்தை மருத்துவர் பல ஆண்டுகள் தனியாளாக நின்று போராடியதன் பிறகு, 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பானங்கள் ஓஆர்எஸ் என்ற பெயரைப் போடக் கூடாது என்று உத்தரவிட்டது. உண்மையான ஓஆர்எஸ் பொட்டலத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரம் என்று அச்சிட்டிருக்கும். லிட்டருக்கு குளுக்கோஸ் பதின்மூன்றரை கிராம்தான். அது மருந்து, வாந்திபேதிக்கு. தினசரிப் பானமல்ல.

ஓஆர்எஸ் பரவிய கதையில் நமக்கு ஒரு சேதி இருக்கிறது. 1971இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்க எல்லையில் பன்காவ் அகதி முகாமில் காலரா. டிரிப் பாட்டில்கள் தீர்ந்துவிட்டன. திலீப் மகலனாபிஸ் என்ற மருத்துவர் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு கலந்த தண்ணீரைப் பீப்பாய்களில் வைத்து, நோயாளியின் தாய், சகோதரன், யாராக இருந்தாலும் சரி, டம்ளர் டம்ளராகக் கொடுத்துக்கொண்டே இருங்கள் என்றார். நூற்றுக்கு இருபது முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. வீடிழந்து வந்தவர்கள், பக்கத்தில் உட்கார்ந்து விடாமல் கொடுத்த தண்ணீர். நம் வீடுகளில் ‘அம்மா, இன்றைக்குப் பாட்டில் கோடு எங்கே நிற்கிறது?’ என்று மாலையில் பிள்ளைகள் கேட்கட்டும். மாமியார்மார் ‘இன்னும் ஒரு கவளம்’ என்று வற்புறுத்துவதை விட்டுவிட்டு ‘இன்னும் ஒரு மிடறு’ என்று சொல்லட்டும்.

ஆபத்தின் அடையாளங்கள். எழுந்தால் தலை சுற்றுவது, நாக்கு வறண்டு ஒட்டுவது, நெஞ்சு படபடப்பது, தலைவலி. சிறுநீர் வைக்கோல் நிறத்தில் இருந்தால் சரி, கடுந்தேநீர் நிறம் என்றால் சரியில்லை. ஆனால் சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அதிலுள்ள பி வைட்டமினால் எப்போதும் பளிச்சென்று மஞ்சளாகத்தான் போகும். ஆகவே நிறத்தை மட்டும் நம்பாமல் எத்தனை தடவை போனோம் என்று எண்ணுங்கள். முழு டூட்டியும் போகவில்லை என்றால் அது பெருமைக்குரிய விஷயமல்ல. குடலை மாற்றி இணைத்தவர்களுக்குச் சிறுநீரகக் கல் உண்டாகும் வாய்ப்பும் கூடுதல்.

அடுத்துச் சொல்வதைத் தயவுசெய்து மனதில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நாளுக்கு மேல் வாந்தி நிற்கவில்லை, தண்ணீர்கூடத் தங்கவில்லை என்றால் வீட்டு வைத்தியம் பார்க்காதீர்கள். கேசுவாலிட்டிக்குப் போனதும் முதல் வார்த்தையாக ‘எனக்கு இரைப்பை ஆபரேஷன் ஆகியிருக்கிறது’ என்று சொல்லுங்கள். தொடர்ந்து வாந்தி எடுத்தவர் உடம்பில் பி-1 என்ற தயமின் வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸ் டிரிப்பை ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். பார்வை இரண்டாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழம்புவது அதன் அறிகுறி. டாக்டர்களுக்குத் தெரிந்த விஷயந்தான். ஆனால் ஆபரேஷன் நடந்ததே அவர்களுக்குத் தெரியாவிட்டால்? கூடப் போகிற கணவனும் பிள்ளையும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

அதேபோல், நீரைப் பிரிக்கும் பிரஷர் மாத்திரை, சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள், பழைய அளவே தொடரலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். தாமாக நிறுத்தவும் வேண்டாம். முட்டி வலிக்கு வார்டில் கிடைக்கும் டைக்ளோஃபினாக்கை வாயில் போட்டுக்கொள்ளும் பழக்கத்தை விடுங்கள். தண்ணீர் குறைந்த உடம்பில் அது சிறுநீரகத்தையும், தைத்த இரைப்பையையும் சேர்த்துப் புண்ணாக்கும். நீர்கூட அருந்தாத விரதங்களையும் நோன்பையும் முதலில் டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், குடிநீர் வைக்கும் இடத்தில் பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியில் ‘குடிநீர்’ என்று எழுத வேண்டும், கழிப்பறையிலிருந்து ஆறு மீட்டருக்குள் வைக்கக் கூடாது என்றெல்லாம் சொன்னது. ஆனால் ஆஸ்பத்திரி தொழிற்சாலை அல்ல என்று தப்பித்துக்கொண்டார்கள். 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் நமக்கு இன்னும் நெருக்கமானது. குடிநீரும் கழிப்பறையும் காண்டிராக்டர் தர வேண்டும், அவர் தராவிட்டால் முதன்மை முதலாளி தர வேண்டும் என்றது. இந்த இரண்டு சட்டங்களும் 2020ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்பு, உடல்நலச் சட்டத் தொகுப்பில் கரைக்கப்பட்டு, 2025 நவம்பர் 21 முதல் அந்தத் தொகுப்பே நடைமுறையில் இருக்கிறது. தொழிற்சங்கங்கள் அதை எதிர்த்தன, நியாயமான காரணங்கள் உண்டு. இன்று அந்த விவாதத்துக்குள் போகவில்லை. ஆனால் அதிலும் ஒரு பிடி இருக்கிறது. ஐம்பது பேருக்குக் குறையாமல் ஒப்பந்தத் தொழிலாளர் வேலை செய்யும் இடத்தில், குடிநீர் முதலான வசதிகளை முதன்மை முதலாளியே செய்து தர வேண்டும். அதாவது ஆஸ்பத்திரியே. ‘காண்டிராக்டரிடம் கேள்’ என்று கை காட்ட முடியாது.

மேஸ்திரியிடம் தினந்தோறும் கெஞ்ச வேண்டியதில்லை. ‘பாணீ பிஊன் யேத்தே’ என்று சொல்லுங்கள். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று பொருள். ஆண்கள் ‘யேத்தோ’ என்று முடிக்க வேண்டும். அனுமதி கேட்கிற வாக்கியமல்ல, தகவல் சொல்கிற வாக்கியம். ஆபரேஷன் செய்த டாக்டரிடம், சிறிது சிறிதாக அடிக்கடி நீர் அருந்த வேண்டியவர் என்று லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்கி, ஒரு நகலை அலுவலகத்தில் கொடுத்து, இன்னொரு நகலில் ‘பெற்றுக்கொண்டோம்’ என்று முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இந்த ஆபரேஷனை மறைக்க விரும்புகிறவர்கள் உண்டு. கேலிக்குப் பயம். அவர்களுக்காகத்தான் கோரிக்கையை எல்லாருக்கும் பொதுவாக வைத்திருக்கிறோம். சர்க்கரைக்காரருக்கும், கர்ப்பிணிக்கும், கல் வந்தவருக்கும் அதே அலமாரி, அதே சாவி, மணிக்கு அதே சில நிமிடங்கள். யார் எதற்காகக் குடிக்கிறார் என்று எவரும் கேட்க வேண்டியதில்லை.

மனுவை மராத்தியில் எழுதி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு மாடியிலும் குடிநீரும் பாட்டில் அலமாரியும், பூட்டாத ஊழியர் கழிப்பறையும், சில நிமிடம் வார்டைப் பார்த்துக்கொள்ள மாற்று ஆளும் கேட்டிருக்கிறோம். தமிழில் படித்துக் காட்ட இரண்டு பிள்ளைகள் மேசையருகே இருக்கிறார்கள். கேட்டுப் புரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள். இன்று நைட் டூட்டிக்குப் போக வேண்டியவர்கள் முதலில் வாருங்கள். பின்பக்கம் பானையில் தண்ணீர் வைத்திருக்கிறோம், பாட்டிலை நிரப்பிக்கொண்டு புறப்படுங்கள்.